இல்லாத மாமனுக்கு ஒரு நிமிட மௌனம்

கற்பனை வளத்தைப் பற்றி மேடையில் பேசுவது உடம்புக்கு நல்லது. செலவில்லை, வியர்க்காது, முடிந்ததும் சால்வை போர்த்தி மிக்சரும் காபியும் தருவார்கள். கோவையைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்படிப் பேசிப் பேசியே வீட்டில் ஒரு பீரோவைச் சால்வைகளால் நிரப்பியவன் நான். பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்வேன். என் மனைவி யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்தும்போது, 'பத்திரிகைகளில் எழுதுகிறார்' என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் ஆண்டு விழாவில்தான் மாட்டிக்கொண்டேன். விசைத்தறியிலும் கோழிப்பண்ணையிலும் கூலி வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. "இந்தக் குழந்தைகளுக்குச் சோறும் புத்தகமும் கொடுத்தால் மட்டும் போதாது, கற்பனையையும் கொடுக்க வேண்டும்" என்று முழங்கினேன். கைதட்டல் பலமாக இருந்தது. மேடையை விட்டு இறங்கியதும் தலைமையாசிரியை காபி டம்ளரோடு எதிரே வந்து நின்றார்.

"நெம்ப நல்லாப் பேசுனீங்க சார். எந்தச் சனிக்கெழமைல இருந்து வர்றீங்க?"

"எதுக்குங்க?"

"கற்பனை குடுக்கறதுக்குத்தான்."

அவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். பள்ளியைச் சுற்றிலும் தறிகள் ஓடுவதால் அந்த இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி குரலைப் பழக்கி வைத்திருந்தார். அந்தக் குரலில் ஒன்றைக் கேட்டால் மறுப்பது கஷ்டம். பிள்ளைகள் சொல்லும் எந்தப் பொய்யும் அவரிடம் நிற்காது என்பது சுற்றுவட்டாரத்தில் பிரசித்தம். "பொய்யி வாசப்படி ஏறுறப்பவே செருப்புச் சத்தத்துல கண்டுபுடிச்சிருவேன்" என்று அவரே சொல்லுவார். எனவே சனிக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை இருக்கிறது என்ற பொய்யை நான் சொல்லிப் பார்க்கவே இல்லை.

முதல் சனிக்கிழமை, 'நான் ஒரு பறவையானால்' என்று கரும்பலகையில் எழுதி, மனம்போனபடி எழுதுங்கள் என்றேன். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். வாங்கிப் படித்தால், எல்லாப் பறவைகளும் ஒரே பறவை. எல்லாம் இமயமலைக்குப் பறந்தன, பாரதத் தாயின் இயற்கை எழிலைக் கண்டு வியந்தன, மனிதர்கள் மரம் நட வேண்டும் என்று அறிவுறுத்திவிட்டுத் திரும்பின. ஒரே ஒரு பறவை மட்டும் வித்தியாசமாக, கிளம்பாமலேயே தரையிறங்கியிருந்தது. அந்தப் பையன் மனப்பாடத்தில் ஒரு வரியை விட்டுவிட்டான்.

"ஏம்ப்பா, எல்லாரும் எதுக்கு இமயமலைக்கே போனீங்க?"

"கைடுல அங்கதானுங் சார் போகுது" என்றான் முன்வரிசையில் ஒருவன், இது தெரியாமலா பாடம் எடுக்க வந்தாய் என்ற தொனியில்.

குழந்தைக் கல்வி பற்றி வெளிநாட்டாரும் உள்நாட்டாரும் எழுதிய புத்தகங்கள் என் அலமாரியில் இரண்டு தட்டுகளை அடைத்துக்கொண்டிருக்கின்றன. எல்லாப் பறவையும் வரிசையில் போனால் வாத்தியார் என்ன செய்ய வேண்டும் என்று அவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை, வகுப்பு பாதி நடந்துகொண்டிருக்கும்போது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். போன வாரம் இமயமலைக்குப் போய் வந்தவர்களில் அவளும் ஒருத்தி. ஏன் தாமதம் என்று கேட்டேன்.

"கோழி வண்டி ஒண்ணு தடத்துல நின்னுபோச்சுங் சார். முன்னால ஒரு மயிலு படுத்திருந்துதுங்க. டிரைவரு ஆரன் அடி அடின்னு அடிச்சாரு, அது எந்திரிக்கலீங்க. டிரைவரு எறங்கிக் கும்புட்டே பாத்தாரு. கூண்டுக்குள்ள இருந்த கோழியெல்லாம் எட்டி எட்டிப் பாத்துதுங்க, நம்மளக் கால்ல கட்டித் தூக்கறாங்க, இவனுக்கு மட்டும் என்ன இத்தன மரியாதைன்னு."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"அப்புறம்?"

"அதுல ஒரு கோழி வாயத் தொறந்து கேட்டே போட்டுதுங்க. அதக் கேட்டுட்டு இருந்ததுலதான் லேட்டாயிருச்சுங்."

நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன். காகிதத்தைக் கொடுத்து எழுது என்றால் இமயமலைக்கு ஓடுகிறவள், தாமதமாக வந்ததற்குக் காரணம் கேட்டால் கோழிக்கு நியாயம் கேட்கிறாள். எனக்கு வேண்டிய பாடம் வாசலிலேயே வந்து நிற்கிறது!

அன்று முதல் எங்கள் வகுப்பில் எல்லோரும் தாமதமாகத்தான் வர வேண்டும் என்று விதி போட்டேன். எல்லோரும் வெளியே வராந்தாவில் நிற்பார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து ஏன் தாமதம் என்று சொல்ல வேண்டும். வயிற்று வலிக்குத் தடை. கதையில் ஒரு சாட்சி இருக்க வேண்டும், ஒரு வாசனை இருக்க வேண்டும், பிறகு கதைக்குத் தேவையே இல்லாத ஒரு சாமான் இருக்க வேண்டும். "அந்தத் தேவையில்லாத சாமான்தான் பொய்யை மெய் மாதிரி காட்டும்" என்று விளக்கினேன். வாழ்க்கையில் நான் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

பிள்ளைகள் பிய்த்து உதறினார்கள். முன்பு மனப்பாடத்தில் ஒரு வரியை விட்ட பையன், "அவிநாசித் தேரு எங்க சந்துக்குள்ள திரும்பிப்போச்சுங் சார், ரிவர்ஸ் எடுக்க எடமில்லீங்க" என்றான்.

"சாட்சி?"

"டிராபிக் போலீசுங்க. கன்னத்துல போட்டுக் கும்புட்டுப்போட்டு, அப்புறமா பைன் போட்டாருங்க."

கொஞ்ச நாளில் தலைமையாசிரியை போன் செய்தார்.

"என்ன பண்றீங்க சார் அந்தப் பசங்கள? முந்தியெல்லாம் வயித்து வலின்னுவாங்க, ஒரு அதட்டல்ல ஓடிப்போயிரும். நேத்து ஒருத்தன், ஆட்டுக்குட்டி வீட்டுப்பாடத்தத் தின்னுபோச்சுங்கறான். அதாச்சும் பழசு. தமிழ மட்டும் தின்னுச்சாம், கணக்கு கசக்குதுன்னு துப்பிப்போட்டுதாம்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"துப்புனதக் காட்டுறான்னேன். தண்ணியில நனச்சு ஈரமா வச்சிருக்கறான் சார்!"

திட்டுவதற்காகத்தான் கூப்பிட்டிருந்தார். ஆனால் அந்த 'ஈரமா' என்ற சொல்லில் கொஞ்சம் பெருமையும் நனைந்திருந்தது. "என்கிட்ட மட்டும் நடக்காது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நடந்தது.

மயில் கதை சொன்ன அந்தப் பெண் ஒருநாள் பள்ளிக்கு வரவில்லை. மறுநாள் தலைமையாசிரியை முன்னால் போய் நின்று, பெரிய மாமன் செத்துப்போயிட்டாருங்க டீச்சர் என்றாள். செருப்புச் சத்தத்திலேயே பொய்யைப் பிடிக்கிறவர், "எங்க? எப்படி?" என்று மடக்கியிருக்கிறார். காரமடையில், தேர் வீதியில் ஒரு டீக்கடை பெஞ்சில். டீ மாஸ்டர்தான் பார்த்தாராம். இஞ்சி தட்டிப்போட்ட டீயை வாங்கிக் கையில் வைத்தபடியே சாய்ந்துவிட்டாராம். மடியில் அரைக் கிலோ பாகற்காய் இருந்ததாம்.

"பாகக்காயா? எதுக்கு?"

"அத்தைக்குச் சக்கரைங்க டீச்சர். அவிய கேட்டாங்கன்னு வாங்கியிருக்காருங்க."

சாட்சி, வாசனை, தேவையில்லாத சாமான். மூன்றும் என் பாடம். தலைமையாசிரியை இஞ்சி டீவரைக்கும் தாக்குப்பிடித்தவர், பாகற்காயில் விழுந்துவிட்டார். அன்றைய பிரேயரில் பெரிய தலைவர்கள் மறைந்தால் மட்டும் நிற்கிற ஒரு நிமிட மௌனத்தை, இல்லாத ஒரு மாமனுக்காக மொத்தப் பள்ளிக்கூடமும் கடைப்பிடித்தது. என் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் தெரிந்தது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னித்துவிடுவார்கள். எழவுக்குப் போகாவிட்டால் தலைமுறைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். போகிற முறையிலும் ஒரு கணக்கு உண்டு. நேராகப் போய் 'எப்படிச் செத்தார்' என்று கேட்கக் கூடாது. உட்கார வேண்டும், சும்மா இருக்க வேண்டும், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, பிறகு மெதுவாகத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். கிளம்பும்போது 'வாரேன்' என்று சொல்லக் கூடாது. தலைமையாசிரியை முறை தெரிந்தவர். அன்று சாயங்காலமே வெயிலில் நடந்து அந்தப் பெண் வீட்டுக்குப் போய்விட்டார்.

தறி ஓட்டுகிறவர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடு. அந்தப் பெண்ணின் அம்மா அப்போதுதான் தறிக்குடோனிலிருந்து தலையெல்லாம் பஞ்சோடு வந்திருந்தார். பெரிய டீச்சரைக் கண்டதும், பிள்ளை பள்ளிக்கு வராததற்குத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று பயந்துவிட்டார். இவரோ பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பேசாமல் இருந்திருக்கிறார். அந்த அம்மாவும் பேசாமல் நின்றிருக்கிறார்.

"மழையே காணமுங்க" என்றாராம் தலைமையாசிரியை.

"ஆமாங்க டீச்சர்."

பிறகு, "வெசனப்படாதீங்க அம்மிணி. எல்லாத்தையும் தாங்கிக்கலாம், அந்தப் பாகக்காய நெனச்சாத்தான்…" என்று முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் மகள் கைகூப்பிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். காரமடை, அண்ணன், டீக்கடை என்று டீச்சர் பேசப் பேச விஷயம் விளங்கிவிட்டது. 'எனக்கு அண்ணனே கிடையாதுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் வெயிலில் நடந்து வந்து, நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்கலங்குகிற பெரிய மனுஷியிடம், நீங்கள் அழுதது வீண் என்று எப்படிச் சொல்வது? மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா!

"அவருக்குப் பாகக்காயே ஆகாதுங்க டீச்சர்" என்று ஆரம்பித்தார் அந்த அம்மா. "அண்ணிக்காகத்தான் வாங்குவாரு."

அப்புறம் நிற்கவில்லை. சின்ன வயதில் அண்ணன் தன்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனது, கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் பின்னால் போய் அழுதது, எல்லாம் வந்தது. தலைமையாசிரியை விசும்பினார். தன் குரலைத் தானே கேட்ட அந்த அம்மாவும் நிஜமாகவே அழுதார். அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து, யாரென்று கேட்காமல் அவர்களும் உட்கார்ந்து அழுதார்கள். அதில் ஒருத்தி, "நல்லா செவப்பா, ஒசரமா வருவாரே, அவருங்களா?" என்று கேட்டாளாம். "அவரேதானுங்க" என்றாராம் அந்த அம்மா.

"கருமாதி என்னைக்குன்னு சொல்லியுடுங்க. நானும் மத்த டீச்சருங்களும் வந்துபோட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டு, முறைப்படி வாரேன் என்று சொல்லாமல் தலைமையாசிரியை எழுந்து போனார்.

சனிக்கிழமை நான் வகுப்புக்குப் போனபோது அந்த அம்மா மகளைக் கையோடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"ஏனுங், நீங்கதான் அந்தக் கற்பனை சாருங்களா?"

ஆமாம் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்தேன்.

"எங்கண்ணனக் கொன்னுபோட்டீங்களே சார்!"

"உங்க… அண்ணனாங்க?"

"எனக்கு அண்ணனே இல்லீங்க! இல்லாத ஆளுக்கு நான் கருமாதி எங்கீங்க பண்றது? பெரிய டீச்சர் நாள் கேட்டு ஆள்மேல ஆள் உடறாங்க. அண்ணி எங்கன்னு கேக்கறாங்க. சக்கரை இப்ப எவ்வளவு இருக்குதுன்னு கேக்கறாங்க!"

நடந்ததையெல்லாம் அப்போதுதான் முழுதாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் குரல் இறங்கிவிட்டது.

"இது வெளிய தெரிஞ்சா, பொய்க்காரின்னு பேராயிரும் சார் இவளுக்கு. நாங்க ஊடு ஊடா மாறிப் பொழைக்கற சனம். பேரு ஒண்ணுதான் கெட்டுப்போகாம வச்சிருக்கறோம். இனி சனிக்கெழமை இவ வரமாட்டாளுங்க. குடோன்ல என்கூட நூல் சுத்தட்டும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கோழியைப் பேசவைத்தவள், தன் பங்குக்கு ஒரு வார்த்தையும் இல்லாமல் நின்றாள். வராந்தாவில் தாமதமாக வரக் காத்திருந்த கூட்டம் நெருங்கி வந்து காது கொடுத்தது.

"திங்கக்கெழமை நானே பெரிய டீச்சர்கிட்டப் பேசறேன். உள்ளதச் சொல்லிர்றேன். அதுக்கப்புறம் நீங்க முடிவு பண்ணுங்க" என்றேன்.

"நீங்க தனியாப் போயி, நடுவுல கற்பனை வந்துபோட்டா? நானும் வாரேன்" என்றார் அந்த அம்மா.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒத்திகை பார்த்தேன். குழந்தை மனத்தின் படைப்பூக்கம், புனைவின் அறம் என்றெல்லாம் நல்ல நல்ல வாக்கியங்கள் தயாராயின. திங்கட்கிழமை தலைமையாசிரியை அறையில் அந்த அம்மா, மகள், நான் மூவரும் உட்கார்ந்ததும் அத்தனையும் மறந்துபோயின. பேசவும் விடவில்லை அவர்.

"நீங்களும் துக்கம் கேக்க வந்தீங்களா சார்? நல்லது. அவரு மாதிரி ஆளெல்லாம் இப்பக் கெடையாது. பஸ்ல பொம்பளையாள் ஏறுனா மொதல் ஆளா எந்திரிச்சு எடம் விடுவாராமே."

அந்த அம்மா என் பக்கம் குனிந்து, "இத நான் சொல்லலீங்க" என்று கிசுகிசுத்தார்.

"டீச்சர்," என்றேன். "அப்படி ஒருத்தர் இல்லீங்க."

"ஆமா சார். இனி அப்படி ஒருத்தர் இல்லதான்."

"அய்யோ, முன்னாடியும் இல்லீங்க. எப்பவுமே இல்லீங்க. நான் சொல்லிக்குடுத்த பாடமுங்க அது. சாட்சி, வாசனை, பாகக்காய்."

பக்கத்துத் தறிகளின் சத்தம் அறை முழுக்க வந்து நிறைந்தது. தலைமையாசிரியை அந்த அம்மாவைப் பார்த்தார்.

"அப்ப நீங்க யாருக்கு அம்மிணி அழுதீங்க?"

"வெயில்ல நடந்து வந்திருந்தீங்க டீச்சர். இல்லைன்னு எப்படிங்க சொல்றது?"

"அதுக்காகச் சைக்கிள் பாரு, கல்யாண மண்டபம் வரைக்குமா போவீங்க?"

"வந்துபோச்சுங்க."

தலைமையாசிரியையின் முகத்தில் கோபம் ஏறுவது தெரிந்தது. அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, தறியை அடக்கும் அதே குரலில், "சொல்லு. அன்னைக்கு எதுக்கு வல்ல? ஒரு வார்த்த பொய்யி வந்தா உன்ன இந்தச் சாரும் காப்பாத்த முடியாது" என்றார்.

"தம்பியப் பாத்துக்க ஆளில்லீங்க டீச்சர். அம்மாவுக்கு ரெண்டு சிப்டுங்க."

சாட்சி இல்லை, வாசனை இல்லை.

"இதச் சொல்றதுக்கு என்ன? இதுக்கு எதுக்கு ஒரு மனுசனக் கொல்லோணும்?"

"போன தடவ இதத்தானுங்க சொன்னேன்," என்றாள் அவள், மேசையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க நம்புலீங்க. பொய்யின்னு சொல்லி முட்டி போடச் சொன்னீங்க."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். நான் என் வாழ்நாளில் தயாரித்த எந்த வாக்கியமும் அந்த இடத்தில் உதவாது என்பதால் சுவரில் இருந்த சத்துணவு அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை, வெஜிடபிள் பிரியாணி.

"தம்பிக்கு எத்தன வயசு?" என்று கேட்டார் கடைசியில், குரலை இறக்கி.

"ரெண்டு முடிஞ்சு மூணு ஆகப்போகுதுங்க."

"நாளைக்கே கூட்டிட்டு வா. பக்கத்துல அங்கன்வாடில நான் சொல்லி உடறேன். அவிய சேத்துக்கற வரைக்கும் இந்த ரூம்லயே உருண்டுட்டுக் கெடக்கட்டும்." பிறகு அந்த அம்மாவிடம், "பிரேயர்ல மௌனம் நின்னாச்சு. எந்திரிச்சு வந்துட்டாருன்னு இனிச் சொல்ல முடியாது. செத்தவரு செத்தவராவே இருக்கட்டும்."

"கருமாதிங்க டீச்சர்?"

தலைமையாசிரியை கொஞ்சம் யோசித்தார். "காசிக்குப் போயி வச்சுட்டாங்கன்னு மத்த டீச்சருங்ககிட்டச் சொல்லிக்கறேன். நமக்கு ரயில்ல டிக்கெட்டு கெடைக்கல. வெயிட்டிங் லிஸ்ட்டு." மேலும் கொஞ்சம் யோசித்து, "அண்ணியோட ஊசி மருந்த மட்டும் ஐஸ் டப்பால வச்சு எடுத்துட்டுப் போனாங்க" என்றார்.

மகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அப்புறம், சனிக்கெழம இவள இந்தச் சார் கிளாசுக்கு அனுப்புங்க அம்மிணி."

"அத நான்தானுங்க சொல்லோணும்" என்றார் அந்த அம்மா. பணிவாகத்தான் சொன்னார். ஆனால் எழுந்துகொண்டே சொன்னார்.

வெளியே வராந்தாவில் அவர் பின்னாலேயே நடந்தேன். கெஞ்சத் தயாராக இருந்தேன். அவர் தூணருகே நின்று மகளின் சடையைப் பிடித்து அவிழ்ந்திருந்த ரிப்பனைக் கட்டிவிட்டார். எதற்கோ கோபமாக இறுக்கிக் கட்டினார்.

"அன்னைக்கு அழுது முடிச்சுப்போட்டு ராத்திரி படுத்தா, தூக்கமே வல்லீங்க சார். அப்படி ஒரு அண்ணன் இருந்திருந்தா இத்தன நாளைக்கு என்னத்தையெல்லாம் சொல்லியிருக்கலாம்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. இவகிட்டச் சொன்னேன், இவ அதுக்கு மேல ஒண்ணு சொன்னா. ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சுச் சின்னவன் எந்திரிச்சுட்டான்."

ரிப்பன் கட்டி முடித்து, மகளை முதுகில் தட்டி வகுப்புக்கு அனுப்பினார்.

"அனுப்பறனுங்க. ஆனா ஒண்ணு. இனி எங்கூட்டு ஆளுகமேல கை வைக்கக் கூடாது. சாகடிக்கோணும்னா சாரு ஊட்டு ஆளுகளச் சாகடிச்சுக்குங்க."

நியாயமான ஒப்பந்தம்தான். கைகுலுக்காத குறையாக ஒத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை, வராந்தாவிலிருந்து எல்லோரும் தாமதமாக வந்து முடித்தபிறகு, நிஜமாகவே தாமதமாக அவள் வந்தாள். நான் காரணம் கேட்கவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்து, பையை வைத்துவிட்டு, கையைத் தூக்கினாள்.

"சார், உங்களுக்கு மாமனாரு இருக்காருங்களா?"

"இருக்காரும்மா. ஏன்?"

"சும்மாதானுங்க" என்றாள். "திடமா இருக்காருங்களா?"